சாவி இல்லாமல் குப்பை போட இறங்காதீர்கள்: ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் டோர்ட்முண்டுக்கு வந்த மூன்றாவது வாரம் அது. டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மின்அடுப்பில் குக்கரை ஏற்றிப் பருப்பை வேகப் போட்டுவிட்டு, குப்பைப் பையோடு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனேன். திரும்பி மூன்று மாடி ஏறி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. திருச்சியில் எங்கள் வீட்டுக் கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும். இங்கே பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் வெளிப்பக்கம் திருகுவதற்குக் கைப்பிடியே கிடையாது. ஒரு குமிழ் மட்டும் இருக்கும், அது சுற்றாது. கதவு ஒருமுறை சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. என் சாவி, கைப்பேசி, கம்பளிச் சட்டை எல்லாம் உள்ளே. பருப்பும் உள்ளே.

எதிர்வீட்டு அம்மாளின் மணியை அழுத்தினேன். கதவு, சாவி ஆகிய இரண்டு சொற்களையும் எப்படியோ சொல்லிவிட்டேன். அடுப்பு என்பதற்கு ஜெர்மன் சொல் தெரியவில்லை. கையால் தீயைக் காட்டினேன், அவருக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அந்த ஒலி என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார், உடனே தொலைபேசியை எடுத்து 112 அழைத்தார். தீயணைப்புப் படையினர் வந்து கதவை உடைக்காமல் திறந்துவிட்டார்கள். பருப்பு அடிப்பிடித்துக் கருகியிருந்தது. வேறு சேதம் இல்லை. அந்த அம்மாள் என் தோளில் தன் சால்வையைப் போர்த்திவிட்டு, அடுப்பைக் காட்டி ‘ஹேர்ட்’ என்றார். நான் திருப்பிச் சொன்னேன். இந்த நாட்டில் நான் கற்ற சொற்களில் மறக்கவே மறக்காத சொல் அது.

எனவே முதல் வேலையாக ஒரு உபரிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அடுப்பு எரிகிறது, குழந்தை உள்ளே இருக்கிறது என்றால் தயங்காமல் 112 அழையுங்கள். ஆபத்து ஏதும் இல்லை, கதவு மட்டும்தான் சாத்திக்கொண்டது என்றால் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிடலாம். இங்கே அதை ‘ஷ்லுஸெல்டீன்ஸ்ட்’ என்பார்கள். அதில் ஏமாற்றுக்காரர்களும் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தியிடம் தொலைபேசியில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம், பயணக் கட்டணம் என்று அடுக்கி மூன்று மடங்கு கேட்டார்கள். மொத்தம் எவ்வளவு, பயணமும் விடுமுறை நாள் கூடுதலும் அதில் அடக்கமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள். சாத்தி மட்டும் இருக்கிற, பூட்டப்படாத கதவைத் திறக்கப் பூட்டைத் துளைக்க வேண்டியதில்லை. மிரட்டிப் பணம் கேட்டால் 110 அழைத்துப் போலீசிடம் சொல்லலாம்.

அதே அம்மாள் சில வாரம் கழித்து என் கதவைத் தட்டினார். ஞாயிறு காலை ஏழு மணி. நான் மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வீட்டு ஒழுங்கு விதிகள் அவை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி. ஞாயிறும் அரசு விடுமுறையும் நாள் முழுக்க அமைதி. நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று எண்ணி இரண்டு நாள் மனம் வெதும்பிக் கிடந்தேன். பிறகு ஒரு நாள் மேல்மாடி ஜெர்மானியர் மதிய வேளையில் சுவரில் துளை போட்டபோது, அவர் கதவையும் இவர் அதே மாதிரி தட்டியதைக் கண்ணால் பார்த்தேன். இனவெறி இங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விதியைச் சொல்வதை இங்குள்ளவர்கள் பகையாக நினைப்பதில்லை. நம் ஊரில் மாடியில் காயும் துணி பறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்கிற மாதிரிதான் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்னியைச் சனிக்கிழமை மாலையே அரைத்து வையுங்கள். காய்கறியையும் அன்றே வாங்கிவிடுங்கள்; ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். பெரும்பாலும் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளும் காலையில் சில ரொட்டிக் கடைகளும்தான் திறந்திருக்கும்.

அடுத்தது அஞ்சல் பெட்டி. இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருவும் கட்டிட எண்ணும் மட்டும்தான் முகவரி. அதற்குள் யார் எங்கே இருக்கிறார் என்பதை அழைப்புமணியிலும் அஞ்சல் பெட்டியிலும் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் தெரிந்துகொள்வார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். எனக்கு வங்கி அட்டையும் வரி எண் கடிதமும் அப்படித்தான் திரும்பிப் போயின. பெயரை ஒட்டாமல் இல்லை, ஒட்டியிருந்தேன். ஆனால் என் பெயரை ஒட்டியிருந்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்தது என் அப்பாவின் பெயர். வங்கிக்கும் அலுவலகத்துக்கும் மருத்துவருக்கும் நான் அப்பாவின் பெயரால்தான் அறியப்படுகிறேன். ஆகவே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக என்ன இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒட்டுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் வேறு வேறு தந்தையர் பெயர் இருந்தால் இரண்டும் பெட்டியில் இருக்க வேண்டும். உயிரோடு இருந்த நாளில் தஞ்சாவூரைத் தாண்டிப் போயிராத என் அப்பாவின் பெயர் ஒன்பது ஆண்டுகளாக டோர்ட்முண்டில் ஒரு வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அதைத் தொட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன்.

அந்தப் பெட்டிக்கு என்னென்ன வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ‘அன்மெல்டுங்’ என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சான்று இல்லாமல் அது நடக்காது. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. சில நகரங்களில் இதற்கு முன்பதிவு கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், விமான டிக்கெட் எடுத்த கையோடு இணையத்தில் முன்பதிவைத் தேடத் தொடங்குங்கள். பதிவு செய்த பிறகு 11 இலக்க வரி எண் அஞ்சலில் வரும். அந்த எண் நிறுவனத்துக்குப் போகாவிட்டால், வரி மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரிப் பிரிவில் உங்களைப் போட்டுவிடக்கூடும். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து மனம் உடைந்துபோனவர்களை எனக்குத் தெரியும். பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஆறுதல். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் தொலைக்காட்சியே இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் ஒரே வீட்டில் நான்கு மாணவர்கள் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும்.

அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் மஞ்சள் உறை வந்தால் மட்டும் அன்றே பிரியுங்கள். தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியை அந்த உறையின் மீது எழுதியிருப்பார். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். போக்குவரத்து அபராதம் போன்றவற்றுக்கு மறுப்புத் தெரிவிக்க இரண்டே வாரம்தான். அதனால்தான் விடுமுறைக்குக் கிளம்பும்போது பெட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகிறோம்.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக: விளம்பரத்தில் ‘கால்ட்’ என்று போட்டிருப்பது வெறும் வாடகை, ‘வார்ம்’ என்றால் வெப்பமூட்டலும் பொதுச் செலவுகளும் சேர்ந்தது. முன்பணமாகக் கேட்கக்கூடியது அதிகபட்சம் மூன்று மாதத்தின் வெறும் வாடகை. அதை மூன்று தவணையில் கட்டச் சட்டம் உரிமை தருகிறது. பல வீடுகளில் சமையலறை மேடைகூட இருக்காது. கூரையில் மின்விளக்குக்குப் பதில் இரண்டு கம்பிகள் தொங்கும். சோறு வடித்த ஆவியை வெளியேற்றத் தினமும் இரண்டு முறையாவது சன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள், குளிர்காலத்திலும்தான். இல்லாவிட்டால் அலமாரிக்குப் பின்னால் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போகும். பழுதுச் செலவைச் சிலர் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு அப்பால் முதலில் தடுக்கியது மணிக் கணக்கில்தான். ஜெர்மனில் ‘ஹால்ப் ட்ஸேன்’ என்றால் சொல்லுக்குச் சொல் அரை பத்து. நமக்கு அது பத்தரை என்றே காதில் விழும். உண்மையில் அது ஒன்பதரை; பத்தை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று பொருள். நான் மருத்துவரிடம் சரியாகப் பத்தரைக்குப் போய் நின்றேன். ஒரு மணி நேரம் தாமதம். வேறு தேதி வாங்கிக்கொண்டு திரும்பினேன். இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று சொல்வதும் இப்படித்தான் குழப்பும். யாராவது நேரமோ எண்ணோ சொன்னால், ஒரு தாளை நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பயணத்தில் இரண்டு விஷயம். டிக்கெட் வாங்கினால் மட்டும் பயணம் செய்ய உரிமை வந்துவிடாது. பல காகித டிக்கெட்டுகளை நிலையத்திலோ வண்டிக்குள்ளோ இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டுக்கு 60 யூரோ அபராதம். புதியவன் என்ற பேச்சு எடுபடாது. நாடு முழுவதற்குமான மாதாந்திரப் பயணச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2026 ஜனவரியில் 63 ஆனது. அது பஸ், டிராம், உள்ளூர் ரயில்களுக்கு மட்டுமே. அதை நம்பி அதிவேக ரயிலில் ஏறிவிடாதீர்கள். அது தானாகவே மாதாமாதம் புதுப்பிக்கப்படும். வேண்டாமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, ரயில் பிரிவது. பெர்லினிலிருந்து எங்கள் பகுதிக்கு வரும் அதிவேக ரயில்களில் சில ஹம் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுசெல்டோர்ஃபுக்கும், மறு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் போகும். நான் இருக்கை கிடைத்த பெட்டியில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஹாகன். பெட்டியின் வெளிப்புறத் திரையில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். ஏறும் முன் அதைப் படியுங்கள்.

அதே ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில்தான் காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எழுப்பிய கோயில். 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே தேர் இழுக்கும் நாளில் ஒருமுறை போய்வாருங்கள். டோர்ட்முண்டில் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அண்ணன்தான் எனக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தவர். காசு வாங்கவில்லை. நாம் வேலை விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் இந்த விதிகளையெல்லாம் ஒரு சொல்கூடத் தெரியாமல், கேட்க ஆளில்லாமல் கற்றவர்கள். கடைக்குப் போனால் அவசரப்படாமல் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்: உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவிலோ வார இறுதியிலோ மருத்துவர் வேண்டும், ஆனால் அவசர ஊர்தி தேவையில்லை என்றால் 116117. பாரசிட்டமால்கூட மருந்தகத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஞாயிறன்று எந்த மருந்தகம் முறையில் திறந்திருக்கிறது என்பது மூடியிருக்கும் மருந்தகத்தின் கதவிலேயே ஒட்டியிருக்கும். வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் நாள் காலையிலேயே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள், சான்றிதழ் பிறகு.

கடைசியாகப் பெட்டி கட்டுபவர்களுக்கு. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. அம்மா கிண்டிய பால்கோவாவைச் சுங்க அதிகாரி கண்ணெதிரே தொட்டியில் போடும்போது நெஞ்சு பொறுக்காது, கொண்டுவராதீர்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும். பொடிகள், புளி, வற்றல், பெருங்காயம் தாராளமாகக் கொண்டுவாருங்கள். மிக்சியும் கொண்டுவரலாம், இங்கும் 230 வோல்ட்தான். பிளக் மட்டும் பொருந்தாது, அதற்கொரு மாற்றி வாங்கி வாருங்கள். குக்கருக்கு உபரி வளையம் இரண்டு.