வின்ஜேஎஸ்: மார்க்கப்பில் ஃபங்ஷன் ஏன் வேலை செய்யவில்லை?

வின்ஜேஎஸ் என்பது விண்டோஸ் ஆப்களுக்கான மைக்ரோசாஃப்டின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். அதில் கன்ட்ரோலின் அமைப்புகளை எச்டிஎம்எல்லிலேயே எழுதும் டேட்டா-வின்-ஆப்ஷன்ஸில் ஃபங்ஷன் பெயரைக் கொடுத்ததும், அந்த மார்க்கப்பைப் படித்து கன்ட்ரோல்களை உருவாக்கும் ப்ராசஸ்ஆல் ஓடும்போது எரர் வருகிறதா? பெயர் சரியாகவே இருக்கலாம். மார்க்கப்பில் பயன்படுத்தலாம் என்ற முத்திரை அந்த ஃபங்ஷனுக்கு இல்லாததே காரணம். வெளியிலிருந்து வரும் எச்டிஎம்எல், இவால் (எழுத்தாக வருவதைக் கோடாக ஓட்டுவது) போன்ற குளோபல் ஃபங்ஷன்களை இழுத்துவிடாமலிருக்கவே இந்தக் கெடுபிடி. 2.0 முதல் இது எப்போதும் அமலில்.

வின்ஜேஎஸ்.யுடிலிட்டீஸில் உள்ள மார்க்சப்போர்ட்டட்ஃபார்ப்ராசஸிங்குக்குள் ஃபங்ஷனைக் கொடுங்கள். அது ஃபங்ஷனின் சப்போர்ட்டட்ஃபார்ப்ராசஸிங் என்ற பண்பை ட்ரூ ஆக்கி (இதுதான் முத்திரை), அதே ஃபங்ஷனைத் திருப்பித் தரும். அதை மார்க்கப்பிலிருந்து எட்டக்கூடிய நேம்ஸ்பேஸில் (பெயர்த் தொகுப்பு) வையுங்கள், ப்ராசஸ்ஆலுக்கு முன்பே.

பலர் சறுக்குவது, ஃபங்ஷனுக்குள் திஸ் எதைக் குறிக்கும் என்று கட்டிப்போடும் பைண்டில்தான். முத்திரையிட்டபின் .பைண்ட்(திஸ்) போட்டால் கிடைப்பது புது ஃபங்ஷன். முத்திரை அதற்கு ஒட்டாது. முதலில் பைண்ட், பிறகு முத்திரை.

கிளாஸ்.டிஃபைனில் உருவாக்கிய கன்ஸ்ட்ரக்டருக்கு இது தேவையில்லை, கிளாஸ்.டிஃபைனே முத்திரையைப் போட்டுவிடும். கோடில் ஆட்ஈவென்ட்லிசனர் மூலம் நிகழ்வுகளோடு கோர்க்கும் ஃபங்ஷன்களுக்கும் வேண்டாம்.