ஒரு கிணறு, நாலு குடும்பம்: யாழ்ப்பாணத் தோட்டக்காணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்கிறவருக்கு உள்ள நீரெல்லாம், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கிற நீர்தான். சகோதரங்கள் பிரிந்து வாழ்ந்தாலும் 12, 16 பரப்புக் காணியைச் சேர்ந்து செய்கிற குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பங்குக் கிணறு ஒன்றே. ஒருவர் தன் பாத்தியில் விடும் பிழை சில கிழமைகளில் அந்தக் கிணற்றுக்கு வந்துவிடும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி, நீரைப் பற்றியவை போலத் தோன்றாவிட்டாலும், நீரைப் பற்றியவைதான்.

பரப்புக் கணக்கில் பிழை

பசளைச் சிபாரிசுகள் ஹெக்டேயருக்கோ ஏக்கருக்கோ எழுதப்பட்டிருக்கும். எங்கள் அளவு பரப்பு. தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 40 பரப்பு. ஆகவே ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் பரப்புக்கு இரண்டரைக் கிலோ. இந்த வகுத்தலைச் செய்யாமல் “பரப்புக்கு ஒரு அஞ்சு கிலோ எறி” என்று கைக்கணக்கில் போடுவதுதான் வழக்கமாகிவிட்டது. வயற் பரப்பு தோட்டப் பரப்பைவிடச் சிறியது என்பதையும் மறந்து, தோட்டத்துக்குப் போட்ட அதே அளவை வயலிலும் போடுவார்கள்.

கூடப் போட்டால் பயிர் கூட விளையும் என்ற எண்ணம் செம்மண்ணில் எடுபடாது. மண் ஆழமில்லை, நீர் சீக்கிரம் கீழே இறங்கும், பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக மாறி அதனோடு போகும். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன். அது முழுவதும் நைத்திரேற்றாகிக் கிணற்று நீரில் சேர்ந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமை 40,000 லீற்றர் நீர் தொடுவதற்கு அது போதும். முழுவதும் போய்ச் சேராது என்பது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு மூன்று போகம், நாலு குடும்பம் என்று பெருக்கிப் பாருங்கள்.

நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகிக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். தோட்டக் கிணற்று நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்.

மாரிக்கு முன்: எருவும் குழையும்

ஆவணி, புரட்டாதியில் செய்யும் முதல் தவறு பச்சை எருவைத் தறையில், அதாவது பயிர் செய்யும் நிலத்தில், கொட்டுவது. ஆறாத சாணத்தில் களை விதை உயிரோடு இருக்கும், வெண்புழுவும் வரும். மூன்று மாதமாவது கும்பியில் கிடந்து, கையில் எடுத்தால் மண்வாசனை வருகிற எருவே தறைக்குரியது. ஹெக்டேயருக்கு 10 தொன் என்ற கணக்கில் பரப்புக்கு 250 கிலோ. எருக்கும்பியைக் கிணற்றடியில் வைப்பது இரண்டாவது தவறு. மழைநீர் கும்பிக்குள்ளால் இறங்கி நேரே கிணற்றுக்கு வரும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, மேலே கிடுகோ தகரமோ போட்டு வையுங்கள். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் 50 அடியும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. மலகூடக் குழிக்கும் இது பொருந்தும். தென்னை நிற்கிற வளவென்றால் கும்பியை அடிக்கடி புரட்டி வண்டின் புழுவைப் பொறுக்க வேண்டும். விட்டால் அந்த வண்டு தென்னங்குருத்தைத்தான் தேடிப் போகும்.

பசுந்தாட் பசளைக்காகச் சணல் விதைத்து உழுகிறவர்கள் பூ முழுக்க மஞ்சளாக விரியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் தண்டு நாராகிவிட்டால் உக்காது. முதற் பூ கண்ட கையோடு, விதைத்து 45 நாள் அளவில், உழுதுவிட வேண்டும். பூவரசு, கிளிசரியா, ஆடாதோடைக் குழையை மண்ணுக்குள் தாழ்ப்பதானாலும் அப்படித்தான்: தாழ்த்து இரண்டு, மூன்று கிழமை விட்டபின் நடுகை. உக்கிக்கொண்டிருக்கும் குழைக்கு மேல் நட்டால் கன்று மஞ்சளாகி நிற்கும். அதைப் பார்த்து யூரியா போடுவார்கள். பிறகு மேலே சொன்ன கதைதான்.

முதல் மழையை நம்புதல்

புரட்டாதியில் ஒரு பாட்டம் மழை பெய்ததும் நெல் விதைத்துவிட்டு, பின்னால் இரண்டு கிழமை வெயில் எறிக்க முளை கருகிப் போவது அடிக்கடி நடக்கிறது. மானாவாரி வயலில் புழுதி விதைப்பு என்றால் மண் முழுக்கக் காய்ந்திருக்கும்போதே விதைத்துவிடுங்கள்; விதை மழைக்காகக் காத்திருக்கும். இல்லாவிட்டால் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கிய பிறகு விதையுங்கள். இரண்டுக்கும் நடுவில், மேல்மண் மட்டும் நனைந்த நிலையில் விதைப்பதுதான் நட்டம். வரம்புகளை மழை தொடங்க முன் கட்டிவிட வேண்டும். விழுந்த நீர் வயலில் நின்றால்தான் நிலத்துக்குள் இறங்கும். வடிந்து கடலுக்குப் போன நீரைப் பங்குனியில் யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

மாரிக்குள்

மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுமேடையைத் தட்டையாகப் போட்டால் ஐப்பசி மழையில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாயும். மேடை அரை அடி உயரமாவது இருக்க வேண்டும். விதைக்க முன் வைக்கோலும் உமியும் மாறிமாறி அடுக்கி மேடையில் எரித்தால் மேல்மண்ணிலுள்ள பூஞ்சணமும் களை விதையும் குறையும். விதையை நெருக்கித் தூவக் கூடாது. மழைக்காக மேடைக்கு மேல் மூடுபடம் போட்டவர்கள் மழை விட்டதும் அதைத் திறந்துவிடவும் மறக்கக் கூடாது.

பெருமழைக்கு முதல் நாள் யூரியா எறிவது காசைக் கிணற்றில் போடுவதே. தறையில் தேங்கிய வெள்ளத்தை வாய்க்கால் வெட்டிக் கிணற்றுக்குள் விடுவது அதைவிட மோசம். “கிணறு நிரம்பட்டும்” என்று நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நீர் சாணம், பசளை, பீடைகொல்லி எல்லாவற்றையும் மண்ணில் வடிகட்டாமல் கொண்டுபோகிறது. வெள்ளத்தைக் காணியின் பள்ளமான மூலையில் ஒரு குழி வெட்டி அங்கே நிற்கவிட்டால் அது மண்ணுக்குள்ளால் இறங்கும். கிணற்றுக்கட்டும் சுற்றுச் சீமெந்துத் தளமும் வெடித்திருந்தால் மாரிக்கு முன் பூசிவிட வேண்டும்.

மாரியில் மேய்ச்சல் குறைகிறதென்று மரவள்ளிக் குழையைப் பச்சையாக வெட்டி ஆட்டுக்குப் போடாதீர்கள். அதில் சயனைட்டு நஞ்சு உண்டு. வெட்டி நன்றாகக் காயவிட்டு, மற்றக் குழையோடு கலந்து கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வெங்காயம்

சின்ன வெங்காயத்தில் விளைச்சலைக் கெடுப்பது பெரும்பாலும் விதை வெங்காயம். பிடுங்கிச் சில நாட்களே ஆன வெங்காயத்தை நட்டால் ஒழுங்காக முளைக்காது. இரண்டு மாதமாவது உறங்கியிருக்க வேண்டும். போன போகத்தில் இலை முறுகி, கழுத்து நீண்டு, குமிழ் பருக்காமல் நின்ற தறையிலிருந்து விதை எடுக்கவே கூடாது. அது முறுகல் நோய் என்கிற பூஞ்சண நோய். விதை வெங்காயத்தோடும் மழைத்துளி தெறிப்பதோடும் பரவும். விலை மலிவென்று சந்தைக் குவியலில் வாங்கினால் அது எந்தத் தறையில் விளைந்தது என்று தெரியாது.

நடுகை 10 சென்ரிமீற்றர் இடைவெளியில், குமிழின் கழுத்து மண் மட்டத்தில் தெரியும்படி. ஆழ நட்டால் அழுகும். யூரியாவைப் பிரித்துப் போட்டு, நட்டு ஆறு கிழமையோடு நிறுத்திவிட வேண்டும். பிந்திப் போட்ட நைதரசன் இலையைச் செழிக்க வைக்கும். கழுத்துத் தடித்து, அறுவடைக்குப் பின் அந்தக் கழுத்தாலேயே அழுகல் இறங்கும். தாள் பச்சைப்பசேல் என்று நிற்கும் தறையைப் பார்த்து அடுத்த பங்காளியும் போட்டி போட்டு எறிவார். பார்க்க வேண்டியது குமிழை.

65 முதல் 75 நாளில் தாள் சாயத் தொடங்கும். பிடுங்குவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்னரே இறைப்பை நிறுத்துங்கள். நிறை கூடும் என்று கடைசிவரை தண்ணீர் விட்டால் கூடுவது நீரின் நிறைதான், வைத்திருக்க முடியாது. பிடுங்கியதை வரிசையாகப் பரப்பும்போது ஒன்றின் தாள் மற்றதன் குமிழை மூட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் அவிந்துபோகும். இரண்டு, மூன்று நாளில் பிடியாகக் கட்டி, காற்றோட்டமுள்ள கொட்டிலில் கொடியிலோ தடியிலோ தொங்கவிடுங்கள். சீமெந்து நிலத்தில் குவித்தாலும் பொலித்தீன் பையில் கட்டினாலும் அடியில் இருப்பது முதலில் போகும்.

கோடை இறைப்பு

பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை தோட்டம் கிணற்றை நம்பியே இருக்கிறது. இங்கே கணக்கு தெரியாமல் இறைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஒரு பரப்புக்கு ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 6,400 லீற்றர் போகிறது. 10 அடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடி நீர் ஏறத்தாழ 2,200 லீற்றர். ஊற்று வரத்தை விட்டுப் பார்த்தால், ஒரு பரப்புக்கு ஒருமுறை இறைக்கக் கிணறு மூன்று அடி இறங்க வேண்டும். இத்தனை நீரில் எவ்வளவு வேருக்குப் போகிறது? வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் ஓர் அடிக்குள்தான். பாத்தி நிரம்பி வழியும்வரை கட்டினால் மிச்சம் கீழே இறங்கி, யூரியாவையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கே திரும்பும். மண் வாய்க்கால் நீளமாக இருந்தால் வழியிலேயே நிறையக் குடித்துவிடும். குழாய் போட்டுக் கடைசிப் பாத்திவரை நீரைக் கொண்டுபோவதும், பெரிய பாத்திகளைச் சிறிதாக வெட்டுவதும் பெருஞ்செலவில்லாத திருத்தங்கள்.

குடாநாட்டில் நன்னீர் உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நல்லதாகவும் ஆழம் போகப் போக உவராகவும் இருப்பது பலரும் அறிந்ததே. நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்து அப்படியே நின்றால், கீழேயுள்ள உப்புநீர் எல்லை கொள்கையளவில் 40 அடிவரை மேலெழும்பும். “தண்ணீர் காணாது” என்று கிணற்றை ஆழப்படுத்துவதும், குழாய்க்கிணறு இறக்குவதும், குதிரைவலு கூடிய மோட்டரைப் பூட்டுவதும் அந்த உப்பைக் கூப்பிட்டு அழைக்கிற வேலை. கிணற்றின் உட்சுவரில் ஒரு கோடு கீறி, நீர் அதற்குக் கீழே போனால் யார் முறையானாலும் மோட்டரை நிறுத்துவது என்று குடும்பங்களுக்குள் ஒத்துக்கொள்ளுங்கள். காலையில் கொஞ்சம், இடையில் கிணறு ஊற மூன்று மணித்தியாலம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்தால் அதே அளவு நீர் நல்லதாக வரும்.

முறை வைப்பதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் என்பது நீதியாகத்தான் தெரியும். ஆனால் முதலில் இறைக்கிறவருக்கு நிறைந்த கிணறு. கடைசி ஆளுக்கு வற்றிய கிணறும் உவர் நீரும். முறையின் வரிசையைக் கிழமைக்குக் கிழமை மாற்றாவிட்டால் ஒரு குடும்பத்தின் தறைதான் வருடாவருடம் பழுதாகும்.

நாக்கில் உப்புத் தெரிகிறபோது காலம் பிந்திவிட்டது. அதற்கு முன்னரே பயற்றங்காயும் வெங்காயமும் காட்டிக்கொடுக்கும்: இலை நுனி கருகும், பாத்தி வரம்பில் வெள்ளையாகப் பூக்கும். அப்படியான கிணற்றில் கோடைக்கு வெங்காயம், போஞ்சி, கரட் வேண்டாம். பீற்றூட் ஓரளவு தாங்கும். ஆய்வுகூடத்தில் நீரின் மின்கடத்துதிறனை (உப்பின் அளவைக் காட்டுவது) மாரி முடிவில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை பார்த்து எழுதி வைத்தால் அடுத்த வருடம் எதைப் போடலாம் என்பது தானாகவே தெரியும்.

ஒரே குடும்பத்துப் பயிர்கள்

புகையிலை எடுத்த தறையில் தக்காளி, அதற்குப் பின் கத்தரி, பிறகு மிளகாய். பயிரை மாற்றுகிறோம் என்று நினைப்போம். உருளைக்கிழங்கையும் சேர்த்து இவை எல்லாம் ஒரே குடும்பம். மண்ணிலுள்ள வாடல் நோய்க்கும் வேர்முடிச்சுப் புழுவுக்கும் சாப்பாடு தொடர்ந்து கிடைக்கிறது. நீர் இருந்தும் கன்று பச்சையாகவே வாடினால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல இழை இறங்கினால் அது பற்றீரிய வாடல். எந்த மருந்தடித்தும் பயனில்லை. கன்றை மண்ணோடு அகற்றி, அந்த மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பங்குக்குக் கொண்டு போகாதீர்கள். நடுவில் வெங்காயம், எள்ளு, சணல் என்று மாற்றுங்கள்.

மருந்தடிப்பு

மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் சுட்டியில் 10 லீற்றருக்கு இத்தனை மில்லிலீற்றர் என்றிருக்கும். முதுகில் போடும் தாங்கி 16 லீற்றர். போத்தல் மூடியால் “ரெண்டு மூடி” என்று அளப்பவரின் கலவை ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அளவுக் குவளை பெரிய விலையில்லை. அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அதே சுட்டியில் இருக்கிறது. சந்தை விலை ஏறியதென்று அதற்குள் பிடுங்கக் கூடாது. தாங்கியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். சந்தேகமென்றால் கடைக்காரரைக் கேட்பதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வாடிய கன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பனங்கிழங்கு

தைப் பொங்கலோடு கிண்ட வேண்டிய பாத்தியை மாசிவரை விட்டால் கிழங்கு தும்பாகும். ஒடியலுக்கு (காயவைத்த பனங்கிழங்கு) என்று கிழித்ததை இரவுப் பனியில் விட்டால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பின்னேரமே அள்ளி உள்ளே எடுத்துவிட வேண்டும்.

விதையும் கணக்கும்

சேர்ந்து செய்கிற காணிகளில் சண்டை பெரும்பாலும் மின்சாரக் கட்டணத்திலும் விதை வெங்காயத்திலும்தான் தொடங்குகிறது. மோட்டர் ஓடிய நேரத்தை இறைப்புக் கொட்டிலில் தொங்கும் கொப்பியில் அவரவர் எழுதினால் முதலாவது தீரும். விதைக்கு: பாத்தி வரம்பு, வாய்க்கால் கழித்து ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 20,000 குமிழ் வேண்டும். நூறு குமிழை எண்ணி நிறுத்து, அதை 200 ஆல் பெருக்குங்கள். நூறு குமிழ் 400 கிராம் என்றால் 80 கிலோ. தொங்கலில் காய்ந்தும் அழுகியும் குறைவதற்குக் கால் பங்கு கூட்டி, 100 கிலோவை விற்பனைக்கு முன் பிரித்துவிட வேண்டும். விலை உச்சத்தில் நிற்கும்போது “பிறகு வாங்கலாம்” என்று எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புகிறவர், நடுகை நேரத்தில் அதைவிடக் கூடிய விலைக்கு, யாருடைய தறையில் விளைந்ததென்று தெரியாத வெங்காயத்தை வாங்கி வருவார். அதைத் தன் பங்கில் நட்டாலும் முறுகல் நோய் அடுத்த பங்குகளுக்கும் போகும்.