ரூட்டுக்குள்ள இருக்கறத வெளிய எடுக்கறது எப்படி

ரூட் குறிய பாத்தாலே முழிக்கற பசங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது இதுதான்: சதுரமான ரூம், 49 சதுர அடி, ஒரு பக்கம் எத்தன அடி? ஏழுன்னு டக்குனு சொல்லிடுவாங்க. அவ்ளோதான், √49 போட்டாச்சு. பரப்பளவு தெரியுது, பக்கம் வேணும், அதான் வர்க்கமூலம்.

அதே ரூம் 50 சதுர அடின்னா? ஏழ விட துளி ஜாஸ்தி. கால்குலேட்டர்ல 7.071னு ஆரம்பிச்சு போயிட்டே இருக்கும், எங்கயும் முடியாது, அதனாலதான் தசமத்துல எழுதாம √50ன்னே வச்சுக்கறோம். ஆனா அத இன்னும் சுருக்கலாம்.

எப்படின்னா உள்ள இருக்கற நம்பர்ல 4, 9, 16, 25, 36 இந்த மாதிரி வர்க்க எண் எதாவது ஒளிஞ்சிருக்கான்னு தேடுங்க. 50ங்கறது 25×2, 25க்கு ரூட் 5, அது வெளிய வந்துரும், 2 உள்ளயே கிடக்கும், விடை 5√2. √72ல 36 கண்ணுல பட்டா உடனே 6√2. 9 மட்டும்தான் பட்டுச்சுன்னாலும் பரவால்ல, 3√8 வரும், அந்த 8லயும் ஒரு 4 இருக்கு, அதயும் எடுத்தா 3×2√2, திரும்ப அதே 6√2தான். எதுவுமே தோணலயா, பகா எண்ணா உடைங்க, 2×2×2×3×3, ஜோடியா இருக்கறதுல ஒண்ணு வெளிய வரும், ஜோடி இல்லாத 2 உள்ளயே நிக்கும்.

கூட்டறது x கூட்டற மாதிரிதான். 3√2 + 5√2 = 8√2. √2 + √3ய சேக்க முடியாது, அப்படியே விட்டுருங்க. ஆனா √50 + √18 பாத்தா சேராதுன்னு தோணும், சுருக்கினா 5√2 + 3√2, சேந்துருச்சு!

இப்ப எல்லாரும் மாட்டிக்கற இடம். ரூட்டுக்குள்ள பெருக்கல் இருந்தா ரெண்டு ரூட்டா பிரிக்கலாம், கூட்டல் இருந்தா பிரிக்கவே கூடாது. √(9+16)ன்னா √25, அதாவது 5. பசங்க 3+4=7னு போட்டுட்டு வருவாங்க. கொத்தனார் மூலை மட்டம் பாக்கறத கவனிச்சிருக்கீங்களா, ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறிச்சிட்டு குறுக்க டேப் புடிப்பாரு, 5 அடி வந்தாதான் மூலை சரி. 7 அடி வரணும்னா ரெண்டு சுவரும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும், மூலையே இருக்காது.

இன்னொண்ணு, √9ன்னா 3 மட்டும்தான். x² = 9ன்னு கேட்டா மட்டும் 3, −3 ரெண்டும் எழுதணும். இதுல மார்க் போறத பாத்தா எனக்கே வயிறு எரியும்.

கடைசியா, கீழ ரூட் இருந்தா ஏன் மேல கொண்டு வர சொல்றாங்க? 1/√2ல 1ஐ 1.414ஆல வகுத்து பாருங்க, கை வலிக்கும். மேலயும் கீழயும் √2ஆல பெருக்கினா √2/2, 1.414ல பாதி, 0.707, மனசுலயே வந்துரும்.