தகரக் கொட்டகையில் விறகுக் கணப்பு பொருத்தும் முறை

தகரக் கொட்டகைக்குள் விறகுக் கணப்பு (விறகை எரித்து அறையைச் சூடாக்கும் மூடிய இரும்பு அடுப்பு) வைக்க விரும்புபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அங்கே வண்டி நிற்குமா நிற்காதா என்பதைத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படர்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். புகைபோக்கிகளுக்கான அமெரிக்கத் தரவிதியான என்.எஃப்.பி.ஏ. 211, வண்டி நிறுத்தும் கராஜில் விறகுக் கணப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே வண்டி, பெட்ரோல் கேன், பெயின்ட் தின்னர் அனைத்தையும் நிரந்தரமாக வெளியேற்றிப் பட்டறையாக மாற்றிய கொட்டகைக்கு மட்டுமே கீழே சொல்பவை பொருந்தும். கட்டட அனுமதியையும் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்து மூலம் பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

தகரம் எரியாது என்ற தைரியத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தகடு எரியாதுதான், ஆனால் அது வாங்கிய வெப்பத்தைப் பின்னால் ஒட்டியிருக்கும் மரச் சட்டத்துக்கும், ஃபோமுக்கும், கண்ணாடிக் கம்பளியின் வினைல் உறைக்கும் கடத்திவிடும். எனவே இடைவெளியைத் தகட்டிலிருந்து அளக்காமல், அதன் பின்னாலுள்ள எரியக்கூடிய பொருளிலிருந்து அளக்க வேண்டும். கணப்போடு வரும் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான முத்திரை இல்லாத பழைய கணப்பு என்றால் சுற்றிலும் 36 அங்குலமும், ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய்க்கு 18 அங்குலமும் விடுங்கள். கான்கிரீட் தரையின் மேல் கணப்பை நேரடியாக வைக்கலாம்.

கூரையைத் துளைக்கும் இடத்தில்தான் முழுக் கவனமும் தேவை. கணப்பின் புகைவாய்க்கு நேர் மேலே, இரண்டு பர்லின்களுக்கு (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவில், இயன்றவரை முகட்டுக்கு அருகில் துளை வருமாறு தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து, அதன்பின் கணப்பின் இடத்தை உறுதி செய்யுங்கள். பர்லினை வெட்டுவதைவிடக் கணப்பைச் சற்று நகர்த்துவது மேல். தகட்டைக் கிரைண்டரால் அறுத்தால் பறக்கும் இரும்புத் துகள்கள் கூரையில் பதிந்து துருப்பிடிக்கும்; தகடு வெட்டும் கத்தரியே போதும்.

உள்ளே வரும் ஒற்றைச் சுவர்க் குழாயை அப்படியே கூரைக்கு மேல் நீட்டிவிடாதீர்கள். வெளிக்குளிரில் புகை ஆறி, கிரியோசோட் என்னும் எரியக்கூடிய பிசுக்கு குழாயின் உட்புறம் படியும்; அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள்ளேயே 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நெருப்பு எழலாம். கூரையைக் கடக்கும் பகுதியிலும் அதற்கு மேலும், வெப்பக்காப்பு நிரப்பிய, சோதனை முத்திரை பெற்ற புகைபோக்கியையே பொருத்தி, அதைச் சுற்றி எரியக்கூடிய பொருள் எதுவும் 2 அங்குலத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், செலவைக் கணப்பில் குறைக்கலாம், புகைபோக்கியில் குறைக்கக் கூடாது.

துளையை மூடும் ரப்பர் உறை, அதிக வெப்பம் தாங்கும் சிலிகானாக இருக்க வேண்டும். அதன் சதுர அடிப்பகுதியை மூலை மேல்நோக்கி இருக்குமாறு வைரவடிவில் திருப்பி வைத்தால், மழைநீர் தேங்காமல் இருபுறமும் வழிந்துவிடும். தகட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப விளிம்பை அழுத்தி, அடியில் சீலன்ட் இட்டு, வாஷர் வைத்த திருகுகளால் நெருக்கமாக இறுக்குங்கள். புகைபோக்கி கூரையைக் கடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடிக்குள் இருக்கும் எந்த உயரமான பகுதியையும் விட 2 அடியும் மேலே நிற்க வேண்டும். கூரைக்கு மேல் 5 அடியைத் தாண்டினால் காற்றுக்கு ஆடாதபடி தாங்குகம்பிகள் கட்டுங்கள்.

உள்குழாய்க்குக் கறுப்பு எஃகே ஏற்றது; துத்தநாகம் பூசிய குழாய் சூடேறினால் நச்சுப்புகை விடும். ஒவ்வொரு குழாய்த் துண்டிலும் நெளித்துச் சுருக்கிய முனை கணப்பை நோக்கிக் கீழே இருந்தால்தான் வழியும் பிசுக்கு வெளியே கசியாமல் உள்ளேயே விழும். ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று திருகுகள் இடுங்கள்.

இடுக்கில்லாமல் அடைத்த கொட்டகையில், குறிப்பாகத் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடும்போது, காற்று போதாமல் புகை உள்ளே திரும்பும். வெளிக்காற்றை நேரே கணப்புக்குக் கொண்டுவரும் குழாயும், மணமற்ற கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் கருவியும் அவசியம் பொருத்துங்கள்.

முதல் இரண்டு மூன்று நெருப்புகளைச் சிறிதாக மூட்டி, கதவைத் திறந்து வைத்து, கணப்பின் வண்ணப்பூச்சு இறுகும் வாடை போகவிடுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறைவான விறகையே எரியுங்கள். கிரியோசோட் படிவு 1/8 அங்குலத்தை எட்டினால் புகைபோக்கியைத் துடையுங்கள். சாம்பலில் கனல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், அதை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, கொட்டகைக்கு வெளியே வெறுந்தரையில் வையுங்கள்.