கவச மினிவேன்: வரைபடத்திலேயே நடக்கும் தவறுகள்

பாலிடெக்னிக் முடித்துவிட்டு எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வரும் தம்பிகளின் முதல் வரைபடங்களில், நாங்கள் தொடக்கத்தில் செய்த கோளாறுகள் அப்படியே இருக்கும். வேன் ஓடப்போவது வெளிநாட்டில். வரைவது சிங்கப்பூரில், பெரும்பாலும் டொயோட்டா அல்ஃபார்ட் மாதிரி ஒரு மினிவேனை வைத்து. பிரேக், சஸ்பென்ஷனைப் பலப்படுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

ஸ்லைடிங் கதவைக் கடைசிக்குத் தள்ளுவது

"அண்ணே, கூரையையும் தரையையும் முடிச்சிடுறேன், கதவை அப்புறம் பாத்துக்கலாம்." இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

முதலில் எடை. 6.5 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. 40 மி.மீ. குண்டு துளைக்காத கண்ணாடி 90 கிலோவைத் தாண்டும். கதவின் பாதி கண்ணாடி, பாதி தகடு என்று கூட்டிப் பாருங்கள். அவ்வளவையும் தாங்குபவை கம்பெனி போட்ட ரோலர்களும் ஒரு சின்ன மோட்டாரும்தான். கை சிக்கினால் மோட்டாருக்கு ஏறும் சுமையை வைத்தும் கதவு திரும்பித் திறக்கிறது. இப்போது கதவின் எடையையே அது கை என்று நினைத்துத் திறந்துகொள்ளும். சரி, உணர்திறனைக் குறைப்போம் என்றால் நிஜமாகவே கை நசுங்கும். இதில் பேஸ்மென்ட் கார் பார்க் சரிவில் வண்டி மூக்கைக் கீழே வைத்து நின்றால், திறந்த கதவு தானாக உருண்டு வந்து சாத்தும்.

எடையைக்கூட வலுவான மோட்டார், ரோலர் போட்டுச் சமாளிக்கலாம். உண்மையில் காலை வாருவது இடுக்குதான். கதவுக்கும் அதை ஒட்டிய பாடித் தூணுக்கும் நடுவே சாய்வாக வரும் குண்டை மறிக்க, உள்பக்கம் இடுக்கை மூடும் ஒரு ஓவர்லேப் பட்டை வேண்டும். ஆனால் இந்தக் கதவு நேராகச் சாத்தாது. முன்னால் நகர்ந்தபடியே கடைசியில் உள்ளே வளையும். அந்த வளைவை வரையாமல் பட்டையை வைத்தால், பொருத்தும் நாளில் தூணில் இடிக்கும். அப்போது யாராவது கிரைண்டரை எடுத்துப் பட்டையைச் சீவிவிடுவார்கள். கதவு அழகாகச் சாத்தும். குண்டுக்கும் வழி கிடைத்துவிடும்.

ஒரு வேனில் இது தெரியவந்தபோது சீட், தோல், கூரைத் துணி எல்லாம் போட்டாயிற்று. மொத்தத்தையும் பிரித்துத் தூணில் மறுபடி வெல்டிங். செலவு எங்கள் தலையில்.

"கண்ணாடி பிஆர்6, அப்புறம் என்ன?" என்பார்கள். பிஆர்6 என்பது இஎன் 1063 என்ற ஐரோப்பியத் தரத்தில் கண்ணாடி குண்டைத் தாங்கும் ஒரு நிலை. அந்தத் தரம் சோதிப்பது தனிக் கண்ணாடியை மட்டும். விபிஏஎம் என்ற சோதனை நிலையங்களின் அமைப்பு வகுத்த, கவச வண்டிகளுக்கான பிஆர்வி சோதனையில் முழு வண்டியையும், குறிப்பாக இணைப்புகளைத் தேடித்தேடிச் சுடுவார்கள்.

கண்ணாடி விளிம்பு

அடுக்குக் கண்ணாடிக்கு நம் ஊர் வெயிலும் ஈரப்பதமும் ஆகாது. விளிம்பைச் சரியாக அடைக்காவிட்டால் அடுக்குகள் பிரிந்து ஓரத்தில் வெள்ளை படியும். அதைத் துடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பேட்டரி செத்தால்

உள்ளே இருப்பவர் கையாலேயே கதவைத் திறக்க முடிய வேண்டும். கனமான கதவு என்பது சாக்கு இல்லை.

லைசென்ஸ்

இங்கே சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், வகுப்பு 3 உரிமத்தில் காரின் வெற்று எடைக்கு வரம்பு 3,000 கிலோ. கவசம் போட்ட வேன் அதைச் சுலபமாகத் தாண்டும்.

ஏர்கான்

ஜன்னல் திறக்காது. பெரிதாகப் போடுங்கள்.