தாய்லாந்து உணவகத்தில் நூடுல்ஸ் சூப்பா? காரத்தை மேசையில் சேருங்கள்

தாய்லாந்து உணவகத்தில் நூடுல்ஸ் சூப் வாங்கினால் காரம் குறைவாகவே கேளுங்கள். மீதியை மேசையில் இருக்கும் நான்கு கிண்ணங்கள் பார்த்துக்கொள்ளும்: மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ், சர்க்கரை. மேசையில் இல்லாவிட்டால் கேளுங்கள். பெரும்பாலும் தனிக் காசு வாங்குவதில்லை.

கடைசிச் சுவையைச் சாப்பிடுபவரிடமே விடுவது தாய்லாந்து நூடுல்ஸ் கடைகளின் வழக்கம். கூடிப்போன காரத்தைத் திரும்ப எடுக்க முடியாது, குறைந்ததைக் கூட்டலாம். முதலில் ஒரு வாய் வெறும் சூப். பிறகு அரை ஸ்பூன் வினிகர். மிளகாயைவிட அதுதான் சூப்பைத் தூக்கிக் கொடுக்கிறது என்பது என் கட்சி.

பச்சைக் கறி (பச்சை மிளகாயும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த குழம்பு), தோம் யாம் (புளிப்பும் காரமுமான சூப்) போன்றவற்றுக்கு இது வேண்டாம். அவற்றின் சுவை சமையலறையிலேயே சேர்ந்துவிடும். சைவர்கள் கவனிக்க: சூப்பிலேயே மீன் சாஸ் இருக்கக்கூடும், முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.