மாதாந்தர விநியோகத்தில் பருவம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயத்த ஆடை மொத்த வணிகத்தில் சரக்கு அனுப்பும் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். எந்த மாதங்களில் விநியோகம் ஆண்டுதோறும் கூடும், எப்போது குறையும் என்ற பருவப் போக்கை அந்தக் கணக்கில் தேடும்போது, தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே புதியவர்களும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். கூட்டல் பிழையும் விடுபட்ட பில்லும் தாமே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

தீபாவளியை ஆங்கில மாதத்தில் அடைப்பது

2014இல் தீபாவளி அக்டோபர் 22 அன்று வந்ததால், கடைகளுக்கான சரக்கில் பெரும்பகுதி செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டது. மறு ஆண்டு, சந்திர நாட்காட்டியில் கூடுதலாகச் சேர்க்கப்படும் ‘அதிக மாதம்’ குறுக்கிட்டுப் பண்டிகை நவம்பர் 10க்குத் தள்ளிப்போனது. அதைக் கவனிக்காமல் இரண்டு செப்டம்பர்களையும் ஒப்பிட்டு, விநியோகம் சரிந்துவிட்டதாக நான் அறிக்கை கொடுத்தேன். முதலாளி அதை நம்பித் துணி ஆர்டரைக் குறைத்தார். அக்டோபர் நடுவில் கடைக்காரர்கள் வரிசையாக அழைத்தபோது, அவர்கள் கேட்ட அளவுகள் கிடங்கில் இல்லை. வேறிடத்தில் வாங்கத் தொடங்கிய சில கடைகள் எங்களிடம் திரும்பவேயில்லை.

2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12 என அதே 19 நாள் இடைவெளி மீண்டும் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதே அறிக்கையை என் மேசையில் வைத்தார். நாட்காட்டியைப் புரட்டினாலே தவிர்க்கக்கூடிய இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே என்பதால் தீபாவளி ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவுக்கு முன்னே வருகிறது; இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதிக மாதம் அதைப் பின்னே தள்ளுகிறது. ரம்ஜானுக்கு அந்தத் திருத்தம் இல்லாததால், அது 2023 ஏப்ரல் 22இலிருந்து 2025 மார்ச் 31க்கு நகர்ந்தது. சூரியக் கணக்கில் வரும் பொங்கலும் ஆடித் தள்ளுபடியும் மாத ஒப்பீட்டுக்கு ஒத்துவரும். பல ஆண்டுகளின் சராசரி எடுத்தாலும் சிக்கல் தீராது. செப்டம்பரும் அக்டோபரும் நடுத்தரமாகத் தெரியும், ஆனால் அப்படி ஓர் ஆண்டு நடந்தே இருக்காது.

ஆகவே கணக்கை வாரவாரியாக வைத்து, தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி, சென்ற ஆண்டின் எட்டாம் வாரத்தை இவ்வாண்டின் எட்டாம் வாரத்தோடு ஒப்பிடுங்கள். 2025இல் அக்டோபர் 20ஆக இருந்த தீபாவளி 2026இல் நவம்பர் 8 என்பதால், செப்டம்பர் ஒப்பீடு மறுபடியும் ஏமாற்றும்.

ஒருமுறை நடந்ததைப் பருவம் என்பது

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், ஜிஎஸ்டிக்கு முந்தைய 2017 ஜூன், ஊரடங்கில் கழிந்த 2020 ஏப்ரல் ஆகியவற்றைக் குறிப்பெழுதித் தனியே வையுங்கள், சராசரியில் சேர்க்காதீர்கள்.

அனுப்பியதைத் தேவை என்று எண்ணுவது

சரக்கு இல்லாமல் அனுப்ப முடியாத மாதமும் கணக்கில் மந்தமான மாதமாகவே தெரியும். நிறைவேறாத ஆர்டர்களுக்குத் தனிப் பதிவேடு இல்லாவிட்டால், அந்தக் குறைவு மறு ஆண்டுத் திட்டத்திலும் புகுந்துவிடும்.

மார்ச் கடைசி வாரம்

அந்த வாரம் கூடுதலாகத் தெரிவது, நிதியாண்டு முடியுமுன் ஆண்டு இலக்குக்காகத் தள்ளிவிட்ட சரக்கு. ஏப்ரலில் திரும்பி வந்ததைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஓராண்டுக் கணக்கு

பருவம் இருக்கிறதா என்று சொல்ல அது போதாது.